முப்பத்திரண்டுக்கு இறங்கிய தாலாட்டு

மகளுக்கு எட்டு மாதம் ஆனபோது அவள் அப்பாவை அலுவலகத்தில் வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். சேலையூர் வீட்டில் நானும் அவளும் மட்டும். அவரோடு அவளுடைய மதியத் தூக்கமும் விமானம் ஏறிவிட்டது. தோளில் போட்டால் தூங்குவாள், பாயில் கிடத்தினால் எழுந்துகொள்வாள்.

"நீங்க ஏதாவது பாடி அனுப்புங்க, குரலாவது கேக்கட்டும்" என்று போனில் சொன்னேன். அவருக்குத் தாலாட்டு ஒன்றும் தெரியாது. இங்கே இருந்தபோது அலுவலகம் போக ஏறிய பேருந்தின் நிறுத்தங்களையே ராகம் போட்டுப் பாடி, எம்பி3 கோப்பாகச் சுருக்கி மின்னஞ்சலில் அனுப்பினார். கேம்ப் ரோடு வந்தாச்சு ஆராரோ, ராஜகீழ்ப்பாக்கம் வந்தாச்சு ஆரிரரோ. ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பிறகும், அடுத்தது எது என்று யோசிக்கும் மௌனம். செம்பாக்கத்தில் ஒரு பெரிய இருமல். மேடவாக்கத்தில் முடியும்.

கம்ப்யூட்டர் மேஜைக்குப் பக்கத்திலேயே பாயை விரித்து, பாட்டைப் போட்டேன். செம்பாக்கம் இருமலைக் கேட்டதும் மகளின் கண் செருகியது. மறுநாளும் அப்படியே. நிம்மதியாக நிமிர்ந்து திரையைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

பாட்டுப் போடும் மென்பொருளின் மூலையில் ஒரு எண் ஓடிக்கொண்டிருந்தது. 160, 112, திடீரென்று 32, மறுபடி 192. கடையில் வாங்கும் எம்பி3 சிடிகளின் அட்டையில் 128 என்று அச்சிட்டிருப்பார்கள். ஆகவே அதுதான் சரியான அளவு என்று நினைத்திருந்தேன். குழந்தையின் எடை அட்டையை வாராவாரம் சரிபார்க்கிறவளால், ஓரிடத்தில் நிற்காத எண்ணைச் சும்மா விட முடியுமா? சந்தேகத்துக்கு இன்னொரு மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். அதில் தொடக்கத்திலிருந்து முடிவு வரை 32.

பாட்டு தேய்கிறது என்று முடிவு செய்தேன்.

நான் கேசட் கேட்டு வளர்ந்தவள். அடிக்கடி போட்டால் தேயும், பிரதி எடுத்தால் பிரதியில் இரைச்சல் ஏறும். அதனால் இந்தக் கோப்பையும் பிரதி எடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் மகள் தூங்கியதும் பாட்டை நிறுத்தி, மவுஸால் இழுத்து ஆரம்பத்தில் கொண்டுவந்து விட்டேன், கேசட் நாடா போல நடுவில் விட்டால் அந்த இடம் தளர்ந்துவிடுமோ என்று. இப்போது சிக்கனமும் சேர்ந்துகொண்டது. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தாலாட்டு. தாலாட்டில்லாத நாளில் நானே பேருந்து நிறுத்தங்களைப் பாடினேன், இருமியும் பார்த்தேன். மகள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

ஒருநாள் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனை பிரவுசிங் சென்டருக்குப் போய் அங்கிருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"பாட்டு கேக்குதாக்கா?"

"கேக்குது."

"அப்போ இன்னா பிரச்சன?"

"நம்பர் நிக்க மாட்டேங்குது."

அவர் கொஞ்சம் யோசித்தார். "வைரஸா இருக்கும்க்கா. சிபியூவை எடுத்துனு வா, ஃபார்மட் அட்ச்சிடலாம். எல்லாம் க்ளீன் ஆயிடும்."

"பாட்டு?"

"அதுவும் க்ளீன்."

மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டிலிருந்து அவர் போன் செய்தார். குழந்தை சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று வழக்கம்போல் கேட்டார். நான் மெதுவாக, "என்னங்க, உங்க பாட்டு முப்பத்திரண்டுக்கு இறங்கிடுச்சு" என்றேன்.

"காய்ச்சலா?"

விவரம் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. "அது அப்படித்தாம்மா இருக்கும். அந்த நம்பர் ஒரு செகண்டுக்கு எவ்ளோ தகவல்னு சொல்லுது. பாடும்போது நிறைய வேணும், சும்மா இருக்கும்போது கொஞ்சம் போதும். நான் அடுத்த ஸ்டாப்பை யோசிக்கிற இடத்துல முப்பத்திரண்டு."

"இன்னொரு சாஃப்ட்வேர் முழுக்க முப்பத்திரண்டுன்னு காட்டுதே?"

"பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சும்மா இருந்தேன்ல, அந்த இடத்தை மட்டும் பாத்துட்டு அதையே சொல்லிட்டிருக்கு. பொண்ணு பாக்க வந்துட்டு வாசல்லயே முடிவு பண்ற ஆளு மாதிரி."

"அப்போ தேயலையே?"

"தேயாது. எத்தன காப்பி வேணா எடு. உனக்கு மனசு ஆறலன்னா ஒரே நம்பர்ல நிக்கற மாதிரி புதுசா பாடி அனுப்பறேன்."

மனசு ஆறவில்லை. அனுப்பச் சொன்னேன்.

புதிய பாட்டில் எண் 128-இல் அசையாமல் நின்றது. தொண்டையைச் சரி செய்துகொண்டு, மௌனமில்லாமல், சென்ற முறை மறந்த காமராஜபுரத்தையும் சேர்த்துப் பாடியிருந்தார். செம்பாக்கத்தில் இருமல் இல்லை. மகள் தலையைத் தூக்கினாள். காமராஜபுரத்தில் எழுந்து உட்கார்ந்தாள். மேடவாக்கத்தில் அழ ஆரம்பித்தாள்.

பழையதையே ஒரு சிடியில் பிரதி எடுத்தேன். பிரதியைப் போட்டுவிட்டு இரைச்சல் ஏறியிருக்கிறதா என்று ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டேன். ஸ்பீக்கருக்குள்ளிருந்து அவர் இருமினார். திரும்பிப் பார்த்தபோது மகள் தூங்கியிருந்தாள்.

திரையை அணைத்தேன். மேடவாக்கம் வருவதற்குள் திரையை மறுபடி போட்டுப் பார்த்தேன். 32. அடுத்த நிறுத்தத்தை யோசித்துக்கொண்டிருக்கிறார்.