வாளியில் ஐந்து, படத்தில் ஆறு

அண்ணனின் ஓராண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இதை எழுத என்னைவிடத் தைரியமான ஆளைப் பிடித்திருக்கலாம். நான் பேனாவைத் தொடவே பயப்படுகிறவன்.

அண்ணன் மலேசியாவில் சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். தோட்டம் கைமாறி, லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது ஈப்போவுக்கு வந்தோம். இருவரும் ஒரே பட்டறையில் சேர்ந்தோம். நான் லாரி எஞ்சினோடு நின்றுவிட்டேன். அண்ணனோ பழைய அமெரிக்கச் சொகுசுக் கார்களின் ஆட்டோ கியர்பாக்ஸைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் கைவிட்ட பெட்டிகளைப் பிரித்து, தேய்ந்த தட்டுகளை மாற்றி, மறுபடி ஓடவிடுவார். சொன்ன நாளில் கொடுத்துவிடுவார். யாரிடமும் கோபப்பட மாட்டார். என்னைக் கேலி செய்யாமல் மட்டும் இருக்க முடியாது. "நீ பயந்து பயந்தே சாவப் போற லா" என்பார். அவர் முந்திக்கொண்டார்.

கடைசியாகப் பிரித்தது ஒரு தவுக்கேயின், சீன முதலாளியின், கார். பேத்தியின் கல்யாண ஊர்வலம் அதில்தான் போக வேண்டுமாம். "ஓடும் தவுக்கே, கவலைப்படாதீங்க" என்று வாக்குக் கொடுத்தார். கழற்றியதைப் போனில் படம் பிடித்து, வீட்டோரப் பட்டறையில் நாளிதழ் மேல் வரிசையாக அடுக்கினார். சாப்பிடக் கைகழுவப் போன இடத்தில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அவரை எடுத்துச் சென்றதும் வழக்கப்படி வீட்டைக் கழுவிய எங்கள் அக்கா, பட்டறையையும் சேர்த்துக் கழுவிவிட்டார். மயானத்திலிருந்து திரும்பி வந்து பார்த்தால் சாமான்கள் எல்லாம் ஒரே வாளியில்! அண்ணன் அடுக்கிய வரிசை போயே போய்விட்டது.

"ஒரே அழுக்கா கெடந்துச்சு தம்பி, அள்ளிப் போட்டுட்டேன்" என்றார் அக்கா. துக்க வீட்டில் யாரைக் கோபிப்பது?

போன் படங்களைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன். எண்ணெய் வழியை அடைக்கும் எஃகுக் குண்டுகள் படத்தில் ஆறு. வாளியில் ஐந்து. காணாமல் போனது மட்டும் தனி அளவு, கடையில் கிடைக்காது. அது இல்லாவிட்டால் கியர் நழுவும். "லோங்காங்குல போயிருக்குமோ?" என்று அக்கா அழ, இருவரும் சாக்கடையில் கைவிட்டுத் துழாவினோம். கல்யாணத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது. வேறு கார் பார்த்துக்கொள்வதாகத் தவுக்கே பெருந்தன்மையோடு சொன்னார். அதில்தான் எனக்குப் பயம் கூடியது. அண்ணன் சொன்ன சொல் என் கையில் பொய்யாகிவிடுமே!

அப்போதுதான் உறைத்தது. சின்னச் சாமான் தொலையக்கூடாது என்று அண்ணன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தான் பூட்டிக்கொள்வார். அன்று அவர் போட்டிருந்த சட்டையை அண்ணி துவைக்க விடவில்லை. அதைத் தலைக்கு வைத்துத்தான் படுப்பார். எப்படிக் கேட்பது? இரண்டு நாள் கதவு வரை போய்த் திரும்பினேன். மூன்றாம் நாள் கேட்டுவிட்டேன்.

அண்ணி சட்டையை என் கையில் கொடுத்து, தாமே பொத்தானைக் கழற்றினார். குண்டு உள்ளே இருந்தது.

"படுத்தா கன்னத்துல என்னமோ குத்திக்கிட்டே இருந்துச்சு. அவருதானே, குத்தட்டும்னு விட்டுட்டேன்" என்றார். "எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி. சட்டைய மட்டும் குடுத்துடுங்க."

கல்யாணத்துக்கு முன்பே கார் ஓடியது. ஓட்டிப் பார்த்தபோது அண்ணியும் பின்னால் உட்கார்ந்திருந்தார். "கியர் மாறிடுச்சா தம்பி?" என்று கேட்டார். மாறியதே தெரியவில்லை.

சாக்கடையில் இறங்கிய அக்காவுக்கும், பொறுத்திருந்த தவுக்கேவுக்கும், துக்கத்தில் தோள்கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணி, உங்களுக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. உங்கள் கன்னத்தில் குத்திக்கொண்டிருந்த அந்த ஒன்றையும் எடுத்துக்கொண்டேன். மன்னித்துவிடுங்கள்.