முதலில் தானே குதித்துப் பார்ப்பவர்

என் அத்திம்பேர் வீரராகவன் ஹாலிவுட்டில் சண்டைப் படங்கள் இயக்கியவர், பிறகு தயாரித்தவர். கொல்கத்தாவின் கரியாஹாட் சந்தையில் அவர் கத்தரிக்காய் பொறுக்குவதைப் பார்த்தவர்கள் இதை நம்புவதில்லை.

அதே ஊரில், பாலிகஞ்சில் வளர்ந்த வங்கி அதிகாரியின் மகன். கல்லூரி நாளில், படம் எடுக்க வந்த அமெரிக்கக் குழுவுக்கு மொழிபெயர்க்கப் போனார். டூப் போட வேண்டியவர் வயிற்றுப்போக்கில் படுத்துவிட, டிராம் கூரையிலிருந்து இவர் குதித்தார். அந்தக் குதிப்பு லாஸ் ஏஞ்சலிஸ் வரை கொண்டுபோய்விட்டது. அங்கே டூப், ஸ்டன்ட் மாஸ்டர், இயக்குநர், தயாரிப்பாளர் என்று ஏறினார். ஒரு வழக்கத்தை மட்டும் விடவில்லை. எந்தச் சாகசக் காட்சியானாலும் முதலில் தானே செய்து பார்ப்பார். தான் செய்யாததைப் பிறரைச் செய்யச் சொல்லமாட்டார். தோள்பட்டை, விலா, முழங்கால்கள் எல்லாம் அதற்கே போயின. கடைசிப் படங்கள் ஓடவில்லை. அக்கா மீரா அவரை ஊருக்கே திருப்பிக்கொண்டு வந்தாள்.

சென்ற குளிர்காலத்தில் பழைய ஸ்டுடியோ மறுபடி கூப்பிட்டது. ஹவுரா படகுத்துறையைவிட்டு விலகும் லாஞ்ச் படகுக்குள் கதாநாயகி ஓடிவந்து தாவ வேண்டும். அந்தக் காட்சி சரியாக வந்தால் முழுப் படமும் அவருக்கு.

"ஏன்னா, முட்டிக்குள்ள எஃகு வெச்சிண்டு தாவப் போறேளா?" என்றாள் அக்கா.

"நான் தாவலேன்னா அந்தப் பொண்ணை எப்படித் தாவச் சொல்றது?"

லண்டனிலிருந்து விடுமுறையில் வந்திருந்த என்னைக் காவலுக்கு அனுப்பினாள். ஆம்புலன்ஸ் எண்ணைக் கைபேசியில் அடித்து வைத்துக்கொண்டு நின்றேன்.

லாஞ்ச் நகர்ந்தது. அத்திம்பேர் ஓடினார், விளிம்பில் நின்றுவிட்டார். லாஞ்சைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மறுபடி ஓடினார், மறுபடி நின்றார். கதாநாயகிக்கு டூப் போட வந்த உள்ளூர் பெஹாலாப் பெண் ஹம்சினி இடுப்பில் கைவைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராகவ்தா, நீங்க குதிச்சா நான் குதிக்க மாட்டேன்." அவளுக்கு அவர் தாதா, வங்காளியில் அண்ணன்.

"ஏண்டி?"

"உங்களைத் தண்ணிலேருந்து தூக்கறதுக்கே என் நாள் போயிடும்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கயிறு கட்டும் இரும்புக் குற்றியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவளைக் கூப்பிட்டார்.

"நீ தாவ வேண்டாம். ஓடி வா, லாஞ்ச் போயிடட்டும்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. நின்னு மூச்சு வாங்கு."

"பயமில்ல தாதா, நான் தாவுவேன். நிஜமா!"

"உனக்குப் பயமில்லேன்னு தெரியும்மா. நான் தாவலையே."

அப்படியே எடுத்தார்கள். அவள் விளிம்பில் நின்று மூச்சிரைக்க, லாஞ்ச் ஹாரன் அடித்துக்கொண்டு விலகிப் போயிற்று.

மாலையில் ஸ்டுடியோவிலிருந்து அழைத்தார்கள். தாவல் எங்கே என்று கேட்டார்கள். அது இல்லாவிட்டால் வேறு இயக்குநரை அனுப்புவோம் என்றார்கள். அவர் வாதாடவில்லை. வருகிற இயக்குநரை முதலில் தாவிப் பார்க்கச் சொல்லுங்கள் என்று மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவிலேயே தூங்கிப்போனார்.