பொட்டலத்தில் இருந்த தூள்

'தூள்' என்ற சொல்லை முதலில் சொன்னது நான்தான்.

வட்டகொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் போன வருடம் விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். பத்திரிகையில் வேலை செய்கிறவன் என்பதால் பெண்களின் மலையேற்ற ஓட்டத்துக்கு என்னை நடுவராகப் போட்டிருந்தார்கள். தொழிற்சாலை வாசலிலிருந்து மேல்மலைக் கோயில் வரை, ஐந்து வளைவுகள்.

ஓட்டத்துக்குச் சற்று முன், கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். வயது நாற்பத்தைந்துக்குக் குறையாது. பொட்டலத்தைப் பிரித்து, உள்ளங்கையில் வெள்ளையாக எதையோ கொட்டி நக்கினார்.

"என்ன தூளோ தெரியல சார்," என்றேன், பக்கத்தில் நின்ற விளையாட்டு ஆசிரியரிடம். எங்கள் பக்கம் தூள் என்றால் தேயிலை. சில வருடங்களாகப் போதைப்பொருளுக்கும் அதே பெயர்.

விசில் ஊதியதும் இளம்பெண்கள் பாய்ந்தார்கள். அக்கா கடைசி. நான் ஆட்டோவில் பின்தொடர்ந்தேன். மூன்றாம் வளைவில் மற்றவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்க, அக்கா பாதையோரம் நின்றவர்களிடம் பேசிக்கொண்டே கடந்துபோனார். முதலில் கோயிலைத் தொட்டதும் அவர்தான்.

முதல் பரிசு பிரஷர் குக்கர். முடிவுத் தாளில் நான் கையெழுத்திட்டால்தான் அது அவருக்கு. கீழே வந்து சேர்வதற்குள் என் சொல் எனக்கு முன்னால் வந்திருந்தது.

"தூளப் போட்டா யாருக்குத்தான் மூச்சு வாங்கும்? பந்தயத்துல கதை பேசிக்கிட்டா வருவாங்க?" என்றாள் இரண்டாவதாக வந்தவள்.

அக்கா பொட்டலத்தை என் கையில் வைத்தார். "நாக்குல வச்சிப் பாருங்க தம்பி."

சீனி. பால் இல்லாத பிளேன்டீயைக் குடிக்கும்போது உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொள்ளும் அதே சீனி.

"அப்ப ஏன் திரும்பி நின்னீங்க?"

"முன்னால நக்குனா சின்னப் புள்ளையாட்டம்னு இவளுக சிரிப்பாளுக."

இரண்டு நக்குச் சீனி ஐந்து வளைவு ஏற்றாது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். ஆசிரியர் விளக்கினார்: பாய்ந்து ஓடினால் தசையில் உடனே எடுக்கக்கூடிய சக்தி பத்து விநாடியில் தீர்ந்துவிடும். பிறகு தசை தான் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையை உடைக்கும். அந்த வேகத்துக்கு மூச்சு கொண்டுவரும் ஒட்சிசன் போதாவிட்டால் கால் எரிந்து தளரும். ஒட்சிசன் போதுமான அளவு கிடைக்கும் வேகத்தில் போனால் சர்க்கரையும் கொழுப்பும் நெடுநேரம் சக்தி தரும்.

விளங்கியது. நம்பிக்கைதான் வரவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"எங்கூட ஏறிப் பாருங்க. கொழுந்து மூட்டையோட நாங்க பேசிக்கிட்டுத்தான் ஏறுவோம். பேச்சு நின்னா வேகம் கூடிருச்சின்னு அர்த்தம்."

ஏறினோம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் வராததைச் சொல்லிக்கொண்டே வந்தார். முதல் வளைவுவரை பதில் சொன்னேன். இரண்டாவதில் "ம்" மட்டும். மூன்றாவதில், தொடை எரிய, மண்மேட்டில் உட்கார்ந்துவிட்டேன். அவர் குழாய்க் கதையை இன்னும் முடிக்கவில்லை.

தாளை எடுத்து முழங்காலில் வைத்துக் கையெழுத்திட்டேன்.

அக்கா பொட்டலத்தை நீட்டினார். "கொஞ்சம் தூள் போட்டுக்கிறீங்களா தம்பி?"