எலும்பில் ஊன்றாத இசைக்கவை

எங்கள் பள்ளியில் காது கேளாத ஒருவரே மணியடித்தார். பதினோராண்டுகள் அடித்தார். ஒரு நிமிடமும் தவறியதில்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் நான் சொல்லப்போகும் எதுவும் அவர்மேல் குறை கூறுவதாக ஆகிவிடக் கூடாது.

மணி என்பது வழக்கிலிருந்த பெயர்தான். வேப்பமரத்துக் கிளையில் சங்கிலியால் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு ஒன்றும், அதை அடிக்க ஓர் இரும்புக் கம்பியும் இருந்தன. மரத்தடியில் நின்றபடியே அலுவலகச் சன்னல் வழியாகக் கடிகாரத்தை நோக்குவார். முள் உரிய இடத்திற்கு வந்ததும் அடிப்பார். அடித்தபின் கம்பியைக் கீழே போடமாட்டார். அதன் ஒரு முனையைத் தண்டவாளத்தில் ஊன்றி மறுமுனையைத் தாடையோடு சேர்த்து வைத்துக்கொண்டு, அதிர்வு அடங்கும்வரை நிற்பார். சோம்பலில் சாய்ந்து நிற்கிறார் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம்.

அவர் முன்பு சங்கு குளித்தவர். கடைசியாக நடந்த முத்துக்குளிப்பிலும் இறங்கியவர். பத்துப் பாகம், அதாவது அறுபதடி, ஆழத்தில் நீரின் அழுத்தம் செவிப்பறைமேல் எவ்வளவு இருக்கும் என்று நான் கரும்பலகையில் கணக்கிட்டுக் காட்டுவதுண்டு. அந்த விடையை அவர் பதினாறாம் வயதில் தம் காதிலேயே பெற்றுக்கொண்டார். முதலில் வலி, பிறகு குருதி, அதன்பின் வலியே இல்லை. காது உடைந்த பிறகுதான் ஒருவனைக் குளியாளி என்று கடற்கரையில் மதிப்பார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிறு பெருமிதம்கூட இருக்கும். நாம் பேசுவதை உதடுகளைப் பார்த்தே அறிந்துகொள்வார். ஆகவே யாரோடு பேசினாலும் எதிரில் இருப்பவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். புதிதாகச் சேர்ந்த ஆசிரியைகள் அதைத் தவறாக எண்ணி முறையிட்டதும் உண்டு.

புதிய துறைமுகத்தின் வேலை நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. அலைத்தடுப்புச் சுவருக்குக் கல் ஏற்றிய லாரிகள் பள்ளியின் வாயிலைக் கடந்து ஓயாமல் சென்றுகொண்டிருந்தன. பதினோராம் வகுப்பிற்கு நான் ஆற்றலும் அலைகளும் கதிரியக்கமும் விண்வெளியும் கற்பித்தேன். கடைசி இரண்டிற்கும் காட்டத்தக்க கருவி ஏதும் எங்களிடம் இல்லை. வாயால் சொன்னதோடு சரி. அலைகளுக்கு மட்டும் நான்கு இசைக்கவைகளும் ஓர் ஒத்ததிர்வுக் குழாயும் ஒரு ரப்பர்க் கட்டையும் இருந்தன. ஊடகம் இல்லாமையால் விண்வெளியில் ஒலி பரவாது என்று நான் விளக்கிக்கொண்டிருந்த ஒரு நாள், பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான்.

“அப்பம் நம்ம மணியடிக்கவர அங்க அனுப்பலாம் சார். அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த ஆண்டு அதே பாடத்தில் அந்த எடுத்துக்காட்டை நானே எடுத்துச் சொன்னேன். அவர் அப்போது வருகைப் பதிவேட்டோடு வாயிலில் நின்றுகொண்டிருந்தார். என் உதடுகள் அவருக்குத் தெரிந்தனவா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அவருடைய வேலை நாட்கூலி போன்றது. அந்த ஆண்டுதான் அரசு மானியத்தில் நிலையான ஏவலர் பணியிடம் ஒன்று எங்கள் பள்ளிக்குக் கிடைத்தது. இயல்பாக அது அவருக்கே உரியது. ஆனால் தாளாளருக்கு மைத்துனர் ஒருவர் இருந்தார்; உடன்குடிப் பக்கம் கருப்பட்டிக் கடை வைத்து நொடித்தவர். மேலும் ஒரு காலையில் தாளாளரின் கார் வாயிலில் நுழைந்தபோது மணியடிப்பவர் குறுக்கே நடந்துகொண்டிருந்தார். ஓட்டுநர் மூன்று முறை ஒலி எழுப்பியும் அவர் ஒதுங்கவில்லை. தாளாளர் அலுவலகத்திற்குள் வந்து எல்லார் முன்னிலையிலும் சொன்னார்: “ஹாரன் அடிச்சா மாடுகூட ஒதுங்குது. இவன வச்சு நான் பள்ளிக்கூடம் நடத்தணுமா?”

தலைமையாசிரியர் நல்லவர், அதாவது, தமக்குத் தீங்கு வராத அளவிற்கு நல்லவர். நிர்வாகக் குழு கூடி ஒரு முடிவெடுக்கும்படி செய்தார். சிறிதளவேனும் கேட்டால் அவரையே அமர்த்துவது, அறவே கேளாவிட்டால் நீக்குவது என்று முடிவாயிற்று. ஊர் மருத்துவரிடம் அனுப்பினால் நாளாகும் என்று தாளாளர் கருதினார். அந்த மருத்துவர் கடற்கரை மக்களிடம் இரக்கமுள்ளவர் என்பதும் காரணமாக இருந்திருக்கலாம்.

“நம்ம சார் இருக்காவ, கருவி இருக்கு. சயின்ஸ் சொன்னா யாரும் மறுத்துப் பேச முடியாதுல்லா,” என்றார் தாளாளர்.

என்னை எவரும் அச்சுறுத்தவில்லை. எனக்கு எதுவும் தருவதாகச் சொல்லவும் இல்லை. நிர்வாகக் குழு என் கருவியைப் பொருட்படுத்துகிறது என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. வெள்ளியன்று மாலை இசைக்கவைகளைத் துணியால் துடைத்து வைத்தேன்.

சனிக்கிழமை காலை ஆய்வுக்கூடத்தில் தாளாளரும் தலைமையாசிரியரும் குழுவினர் இருவரும் அமர்ந்தனர். மைத்துனர் வெளியே மிதிவண்டியில் சாய்ந்து நின்றார். மணியடிப்பவர் அன்று வெளுத்த சட்டை அணிந்து வந்திருந்தார். ஒலி கேட்டால் வலக்கையை உயர்த்தும்படி அவர் முகத்திற்கு நேராக நின்று சொன்னேன். தலையசைத்தார். உதடுகளைப் பார்க்காதிருக்கும்பொருட்டு அவருடைய துண்டையே வாங்கி அவர் கண்களைக் கட்டினேன். அதை அவர் எதிர்பார்க்கவில்லை. தோள்கள் சற்று இறுகின.

கவையை ரப்பர்க் கட்டையில் தட்டி, ஒரு முழத் தொலைவில் பிடித்தேன். கை எழவில்லை. ஒரு சாண் தொலைவில் பிடித்தேன். எழவில்லை. காது மடலைத் தொட்டும் தொடாமலும் பிடித்தேன். அவர் மூச்சை அடக்கி நின்றார். நீரில் இறங்குமுன் அப்படித்தான் நின்றிருப்பார் போலும். பிறகு நான் கவையை மாற்றுவதற்காகத் திரும்பியபோது, ஒலி ஏதும் இல்லாதிருந்த வேளையில், அவருடைய வலக்கை மெல்ல மேலே எழுந்தது. விடை தெரியாத மாணவன் எல்லாரும் தூக்குகிறார்களே என்று தூக்குவதுபோல் பாதி உயரத்தில் நின்றது.

“ஏலம் கேக்கான் போலுக்கு,” என்றார் தாளாளர். குழுவினர் சிரித்தனர்.

முந்தைய மாதம்தான் நான் வகுப்பில் திடப்பொருள்களின் வழியே ஒலி பரவுவதைக் கற்பித்திருந்தேன். எலும்பும் ஓர் ஊடகமே. செவிப்பறை பழுதுற்றாலும், கவையின் தண்டைக் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் ஊன்றினால் உட்செவி கேட்கும் என்று படம் வரைந்து காட்டியிருந்தேன். அந்தப் படம் அப்போதும் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. மாற்றியெடுத்துத் தட்டிய கவை என் கையில் அதிர்ந்துகொண்டிருந்தது. அவருடைய காதுக்குப் பின்னுள்ள எலும்பு, கவையிலிருந்து ஒரு விரற்கடைத் தொலைவில் இருந்தது. சோதனை அழகாக முடிந்திருந்தது. அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. கையை இறக்கினேன்.

கண்கட்டை அவிழ்த்ததும் அவர் முதலில் என் உதடுகளைத் தேடினார்.

“கைய தூக்குனது சரிதானா சார்?”

இல்லை என்று தலையசைத்தேன்.

அறிக்கையை அன்றே எழுதிக் கொடுத்தேன். ‘இருசெவிகளும் ஒலியுணரும் ஆற்றலை முற்றும் இழந்துள்ளன’ என்பது அதன் இறுதித் தொடர். பிறமொழிச் சொல் ஒன்றும் கலவாமல் ஓர் அலுவல் அறிக்கையைத் தாம் கண்டதில்லை என்று தலைமையாசிரியர் பாராட்டினார். அந்தப் பாராட்டு எனக்கு இரண்டு நாள் இனித்தது. மாத இறுதியோடு விலகிக்கொள்ளும்படி மணியடிப்பவருக்குக் கடிதம் கொடுக்கப்பட்டது. அவர் வழக்கம்போல் அடித்துக்கொண்டிருந்தார்.

மாதம் முடிய ஐந்து நாள் இருக்கையில் பதினோராம் வகுப்பிற்கு அலைகள் பற்றிய செய்முறைப் பாடம் நடந்தது. மாணவர்கள் நீண்ட மேசையைச் சுற்றி நின்று கவைகளைத் தட்டிக்கொண்டிருந்தனர். மணியடிப்பவர் சுற்றறிக்கையோடு வந்தார். நான் கையொப்பமிடும்வரை மேசையின் ஓரத்தில் முழங்கையை ஊன்றி, மடக்கிய கைமுட்டியில் தாடையை வைத்துச் சாய்ந்து நின்றார். அப்போது ஒரு மாணவி கவையைத் தட்டி அதன் தண்டை மேசைப் பலகையில் ஊன்றினாள்.

அவர் துள்ளி நிமிர்ந்தார். வேப்பமரத்தின் பக்கம் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

“யாரு மணியடிச்சா?”

மாணவர்கள் சிரிக்கத் தொடங்கினர். அவர் சிரிக்கவில்லை. மீண்டும் முழங்கையை ஊன்றினார். அந்த மாணவியைத் தட்டச் சொல்லிச் சைகை காட்டினார். அவள் தட்டி ஊன்றினாள். அவர் கண்களை மூடினார். ஒலி தேய்ந்து அடங்கும்வரை மூடியே இருந்தார். அடங்கிய அதே நொடியில் திறந்தார். மூன்று முறை இவ்வாறு நடந்தது. வகுப்பில் சிரிப்பு நின்றுவிட்டது.

“அன்னைக்கும் இந்தக் கம்பிதான சார்? அன்னைக்கு மட்டும் ஏன் கேக்கல?”

கையொப்பமிட்ட சுற்றறிக்கையை அவரிடம் நீட்டினேன். அந்த மாணவி, தேர்வில் கேட்ட வினாவிற்கு விடை கூறுபவள்போல் என்னை நோக்கிச் சொன்னாள்: “நீங்கதான சார் போன மாசம் சொன்னிய, எலும்பும் ஊடகம்னு. படங்கூட அங்கன ஒட்டியிருக்கு.”

அவளுடைய உதடுகளை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவரைப் பார்த்தார். ஒரு தலை, அதன் காதுக்குப் பின்னால் ஒரு கவை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும்படி தெளிவாக வரைந்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பினார். நான் கரும்பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டு அடுத்த பயிற்சியை எழுதத் தொடங்கினேன். என் முதுகில் அவர் படிப்பதற்கு ஒன்றும் இல்லை.

மாலையில் பள்ளி விட்டதும் வந்தார். ஆய்வுக்கூடத்தின் கதவை அவரே சாத்தினார். ஒரு கவையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, முதுகைக் காட்டி நின்றார். நான் தட்டி, தண்டை அவர் காதுக்குப் பின்னே ஊன்றினேன். கை எழுந்தது. எடுத்தேன், கை இறங்கியது. அதிராத கவையை ஊன்றி ஏமாற்றிப் பார்த்தேன். கை எழவில்லை.

“ஒரு வரி எழுதித் தாங்க சார். கொஞ்சம் கேட்டாக்கூட வச்சிக்கிடுவோம்னுதான சொன்னாவ.”

ஒரு வரி எழுதினால் முதல் அறிக்கை பிழையாகும். பிழை என்றால், அறியாமல் நேர்ந்ததா அறிந்தே செய்ததா என்று கேட்பார்கள். சுவரில் படம் இருந்தது. குழு கேட்டது காற்றின் வழியே கேட்கும் திறனைத்தான் என்றும், மணியடிக்கும் பணிக்கு அதுவே வேண்டும் என்றும், ஒவ்வொரு சொல்லாக, அவருக்கு விளங்கும்படி வாயசைத்துச் சொன்னேன்.

அவர் என் உதடுகளை இறுதிவரை படித்தார்.

“நான் அடிக்கத்தான சார் செய்யுதேன். கேக்க வேண்டியது பிள்ளைகள்லா.”

அதற்கு இயற்பியலில் மறுப்பு இல்லை. இருட்டுமுன் வீட்டிற்குச் செல்ல வேண்டும் என்று சொல்லிக் கவைகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். சுவரிலிருந்த படத்தையும் அப்போதே எடுத்திருக்க வேண்டும் என்று இரவில் தோன்றியது. மறுநாள் காலை எடுத்துவிட்டேன்.

மாதத்தின் கடைசி நாள் கடைசி மணியை அடித்தபின், அவர் வழக்கம்போல் கம்பியின் ஒரு முனையைத் தண்டவாளத்திலும் மறுமுனையைத் தாடையிலும் வைத்துக்கொண்டு நின்றார். அவர் சாய்ந்து நிற்கவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது. பதினோராண்டுகளாகத் தாம் அடித்த மணியை அவர் கேட்டே வந்திருக்கிறார். கம்பியை மைத்துனரிடம் கொடுத்துவிட்டுப் போனார். மைத்துனருக்குச் செவிகள் இரண்டும் நன்றாகக் கேட்டன. கடிகாரத்தைப் பார்க்கத்தான் மறந்துபோவார்.

இரண்டாண்டுகள் கழித்து, ஆறுமுகநேரி செல்லும் வழியில் நான் சென்ற பேருந்து உப்பளங்களின் நடுவே பழுதாகி நின்றது. சாலையோரத்தில் உப்பு அம்பாரம் ஒன்று. பெண்கள் ஓலைப்பெட்டிகளில் உப்பைச் சுமந்துவந்து கொட்டிக்கொண்டிருந்தனர். அவர்களுக்கிடையே அவரும் தலையில் பெட்டியோடு நின்றார். கால்களில் உப்பு அரித்த புண்கள். ஓய்வு பெறும் வயதுவரை மர நிழலில் நின்றிருக்க வேண்டியவர். அவர் என்னை முதலிலேயே பார்த்துவிட்டார். நான் பேருந்திலிருந்து இறங்கி, வாயைத் தெளிவாக அசைத்து, “நலமாக இருக்கிறீர்களா?” என்று கேட்டேன்.

அவர் பெட்டியை இறக்கி வைத்தார். கண்களை மூடிக்கொண்டார். பிறகு வலக்கையை மெல்ல, பாதி உயரத்திற்குத் தூக்கி, அப்படியே நின்றார்.

அருகிலிருந்த பெண்கள் அதை வணக்கம் என்று எண்ணினர். ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் கையை உயர்த்தினேன்.