குளோரியின் ஒருசந்தி

தேங்காய்ப்பட்டணத்தில் மீன் எடுத்துக் கருங்கல் சந்தையில் விற்பவள் குளோரி. அவள் கடைசி விலை சொல்லிவிட்டால் வாங்க வந்தவர்தான் வாயை மூட வேண்டும். அப்படிப்பட்டவளை ஒரு வயிற்றுவலி பாடாய்ப் படுத்தியது. தின்றது தங்கவில்லை, உடம்பு பாதியாயிற்று. ஸ்கேன் பார்த்த டாக்டர், குடலுக்குப் பக்கத்தில் கட்டிபோல் தெரிகிறது, சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றார். கேன்சர் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் எல்லோருக்கும் அதே நினைப்புதான்.

முடிவு வருவதற்குள் குளோரி மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். கேன்சர் இல்லையென்றால், தவக்காலத்தின் கடைசி வாரம் முழுக்கப் பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர் மட்டும்.

கேன்சர் இல்லை. குடலைத் தாங்கிப் பிடிக்கும் கொழுப்புச் சவ்வு அழன்று வீங்கியிருந்தது. அபூர்வமான நோய், மருந்துக்கு அடங்கும் என்றார்கள். ஸ்டீராய்டு மாத்திரையைக் காலையில் சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும், வெறும் வயிற்றில் கூடவே கூடாது என்று நர்ஸ் அழுத்திச் சொன்னாள். முகம் உப்பினாலும் வலி தணிந்தது. குளோரி மறுபடி சந்தைக்குப் போனாள்.

குருத்தோலை ஞாயிறு முதல் ஒருசந்தி நோன்பு. காலையில் சாப்பாடு இல்லை, ஆகவே மாத்திரையும் இல்லை. நர்ஸ் பேச்சை மீறவில்லை என்றுதான் பாவம் அவள் நினைத்தாள். மகள் அஜிதாவிடம் மூச்சு விடவில்லை. தெரிந்தால் சண்டைக்கு வருவாள்.

பெரிய வியாழனன்று சந்தையில் கண் இருட்டி மீன்கூடை மேலேயே சாய்ந்தாள். நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் ஊசியும் டிரிப்பும் ஏற்றித்தான் உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். இந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் ஆளையே கொண்டுபோய்விடும், நாளைக் காலையிலிருந்து சாப்பிட்டுவிட்டுப் போட்டே ஆக வேண்டும் என்றார் டாக்டர். மறுநாள் பெரிய வெள்ளி.

காலையில் அஜிதா கஞ்சியைக் கரண்டியில் எடுத்து நீட்டினாள். குளோரி பல்லைக் கடித்துக்கொண்டாள். நேர்ச்சையை முறித்தால் இல்லையென்று போன கேன்சர் வந்துவிடும் என்ற பயம், சாவைவிடப் பெரிய பயமாக இருந்தது.

"நேர்ந்தது நேர்ந்ததுதான் மக்கா. மாதா தந்தத திருப்பி எடுத்திருவா."

அஜிதா கத்தவில்லை. கரண்டியைத் தாழ்த்தவும் இல்லை.

"இன்னைக்கு அவளுக்க மகன் செத்த நாளு. சாகக் குடுத்துட்டு நிக்கது எப்பிடி இருக்கும்ன்னு அவளுக்குத் தெரியாதா அம்மா?"

குளோரி மகளின் முகத்தைப் பார்த்தாள். அழுதுகொண்டே வாயைத் திறந்தாள். கஞ்சியை விழுங்கிவிட்டு மாத்திரைக்குக் கை நீட்டினாள்.