மேட்டில் போட்ட கூடாரம்

மலைநாட்டு ஏரிகளைச் சுற்றி மூன்று நாள் நடந்து வரப் புறப்பட்டபோது, என் கூடப்பிறந்த மூத்தவர் காக்காவையும் பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போனது நான்தான். சுனாமியன்று ஆறு வயது மகளைக் கடல் கொண்டுபோன பிறகு அவர் கரையோரத்தில் இருக்கவில்லை. கடலை விட்டு உள்ளே தள்ளி இறக்காமத்துக்குக் குடிபோய் வயல் செய்கிறார். கல்முனைக்கு வந்தாலும் பஸ் டிப்போவைத் தாண்டிக் கிழக்கே, கடல் பக்கம், ஓரடி வைக்கமாட்டார். அடக்கம் செய்யப் பிள்ளையின் மையித்து கிடைக்கவே இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாயிற்று. ஏரியில் அலை கிடையாது. அதன் கரையில் ஒரு பொழுதாவது அவரை உட்கார வைத்துவிட்டால் மனம் கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன்.

முதல் ஏரி கறுத்துப்போய்க் கிடந்தது. கூட வந்த மச்சான், என் மனைவியின் தம்பி, கரையில் நல்ல புல்தரை பார்த்துக் கூடாரத்தை விரித்தான். காக்கா முதுகுப் பையை இறக்கவே இல்லை. தண்ணீரைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், விறுவிறுவென்று மேலே ஏறிப் போய் ஒரு பாறையருகே நின்றார்.

"இதுக்கு மேல தண்ணி வராது."

அங்கே காற்று ஆளைத் தூக்கிப் போடும்போல் அடித்தது. மச்சான் முணுமுணுத்தபடி முளைகளைப் பிடுங்கிக்கொண்டு ஏறினான்.

அஸர் தொழுகை நேரம் வந்தது. காக்கா கைகால் முகம் கழுவி வுழூச் செய்யக் கீழே இறங்கவில்லை. மண்ணில் இரு கைகளையும் தட்டி முகத்தில் தடவினார். தண்ணீர் கிடைக்காதவர்களுக்கு மார்க்கம் தந்த சலுகை அது. மச்சானுக்குப் பொறுக்கவில்லை.

"கண்ணுக்கு முன்னால இவ்வளவு தண்ணி கிடக்க தயம்மும் கூடாது காக்கா."

"தண்ணிக்கிட்ட போகப் பயமெண்டா கூடும் தம்பி."

எனக்கு எரிச்சலாக இருந்தது. சட்டம் மட்டும் நன்றாகத் தெரிகிறது இந்த மனுசனுக்கு. அதற்குப் பிறகு ஒவ்வொரு தொழுகைக்கும் நான்தான் போத்தலில் தண்ணீர் அள்ளிக்கொண்டு மேடேறினேன்.

மூன்றாம் நாள் கடைசி ஏரி. நடுப்பகல் லுஹர் தொழுகைக்குத் தண்ணீர் எடுக்க இறங்கினேன். திரும்பும்போது பனிமூட்டம் கவிந்து பாதை தெரியாமல் போயிற்று. மேலேயிருந்து அவர்கள் கூப்பிடுவது கேட்டது. நான் கொடுத்த குரலைக் காற்று அள்ளிக்கொண்டு போனது. தடவித் தடவி வேறு பக்கமாக மேலே வந்து சேர்ந்தபோது மச்சான் மட்டும் நின்றான். அவன் முகமே சரியில்லை.

"உங்களத் தேடிக் கீழ இறங்கிட்டாரு. நான் புடிச்சும் நிக்கல்ல."

நாங்கள் இருவரும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினோம். காக்கா சப்பாத்தோடு நெஞ்சளவு தண்ணீரில் நின்றார். உதடு நீலம் பாரித்திருந்தது. குனிந்து குனிந்து இரு கைகளாலும் தண்ணீருக்கடியில் துழாவிக்கொண்டிருந்தார்.

"காக்கா, நான் இங்க நிக்கன். எனக்கு ஒண்டுமில்ல."

அவர் திரும்பவில்லை. நான் இறங்கினேன். குளிரில் மூச்சே நின்றுவிடும் போலிருந்தது. கிட்டப் போய், தண்ணீருக்கடியிலேயே அவர் கையில் என் கையைக் கொடுத்தேன். எலும்பு நோகும்படி பிடித்துக்கொண்டார். கண்ணை மூடி அல்லாஹ்வைப் புகழ்ந்தார். பிறகு அந்தக் கையை மெல்லத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பார்த்தார்.

"இது பெரிய கை" என்றார். என் கையை விட்டுவிட்டு மறுபடியும் குனிந்தார்.