ரேஷன் வண்டியும் வலது கை முத்திரையும்

நான் ஐந்தாம் வகுப்புதான் படித்தவள். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பாதி மறந்தும் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆந்திராவில், நகரியில் எங்கள் சபையில் வேதத்தின் கடைசிப் புத்தகத்தை வாசித்து விளக்கினார்கள். கடைசிக் காலத்தில் மிருகம் எல்லாருக்கும் வலது கையிலோ நெற்றியிலோ முத்திரை போடுமாம். அது இல்லாதவர்கள் எதையும் வாங்கவோ விற்கவோ முடியாதாம். போட்டுக்கொண்டவர்களுக்கோ மிருகத்தோடு அக்கினிதானாம். சாத்தான் தோற்றுப்போவான் என்று எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். நான் என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாதாமாதம் தெருவுக்கு வரும் ரேஷன் வண்டியில் நான் ரேகை வைப்பது எந்தக் கை?

அடுத்த முறை வண்டி வந்தபோது வலது கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு இடது கையை நீட்டினேன். மிஷினில் பதியவில்லை. தறியில் அறுந்த இழையை முடிந்து முடிந்து தேய்ந்த விரல்கள்.

"அவ்வா, அந்தக் கையில இன்னா தங்கமா வெச்சிக்கினு கீற? காட்டு," என்றான் வண்டிக்காரன். வரிசையே சிரித்தது.

"துன்றதுக்கு மட்டும் அந்தக் கை நல்லா நீளுது," என்றாள் என் மருமகள். "அரிசி போச்சுன்னா புள்ளைங்களுக்கு இன்னாத்த போடுவ, அத்த?"

வலது கையைக் கொடுத்தேன். அதுவும் பதியவில்லை. தேவன் தடுத்துவிட்டார் என்று உள்ளுக்குள் ஸ்தோத்திரம் சொன்னேன். அதற்குள் அவன் வேறொரு மிஷினை எடுத்து என் நெற்றியை ஒட்டிப் பிடித்தான்.

"கண்ண நல்லா தொற, அவ்வா."

பீப் என்றது. "அயிப்போயிந்தி," முடிந்தது என்று தெலுங்கில் சொல்லி அரிசியை நிறுத்துப் போட்டான். கை தப்பியும் நெற்றியில் மாட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் போகும்வரை காத்திருந்து பாஸ்டரிடம் சொன்னேன். "அது சர்க்கார் மிஷின்மா, மிருகம் இல்ல. அரிசிய ஆக்கித் துன்னுங்க," என்று பைக்கைக் கிளப்பிவிட்டார். வேதத்தைத் திறந்து காட்டியிருந்தால் நம்பியிருப்பேன்.

அந்த அரிசியைப் பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடுகிறேன். நான் தொடுவதில்லை, கேழ்வரகுக் கூழ்தான். இது பாவமென்றால் பிள்ளைகளையும் அல்லவா சேர்த்துவிட்டேன்? வண்டி திரும்ப வரும் நாளும் நெருங்குகிறது.

வேதத்தின் பொடி எழுத்து இப்போது என் கண்ணுக்குத் தெரிவதில்லை. கை, நெற்றி இரண்டுதான் எழுதியிருக்கிறதா, கண்ணும் உண்டா? தெரியாமல் போட்டுக்கொண்டவளுக்கு ஏதாவது சொல்லியிருக்கிறதா? யாராவது பார்த்து, மறைக்காமல் சொல்லுங்கள். வண்டி வருவதற்குள் சொன்னால் நல்லது.